அமெரிக்கக் குருமடக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் குருமாணவர் (கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெறுபவர்) ஒருவர் கலைக் கல்லூரியில் படித்துப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்குவதும், பிறகு பெரிய குருமடத்தில் மெய்யியல் படிப்பதும் பெரும்பாலும் தனித்தனிக் கட்டங்களாகவே நடக்கின்றன. அமெரிக்காவின் குருமடக் கல்லூரிகளில் இவை இரண்டும் நான்காண்டு இளங்கலைப் படிப்பு ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வசதியான ஏற்பாடுதான், ஆனால் படிப்பு ஒன்று என்பதால் அதற்கான விதிகளும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் ஒரே மதிப்பெண் பட்டியலை இரண்டு தரப்பினர், இரண்டு வேறு கேள்விகளோடு வாசிக்கிறார்கள். பட்டத்துக்குரிய பாடங்கள் முடிந்தனவா என்று கல்லூரி பார்க்கிறது. இறையியலுக்கு அனுப்பும் அளவுக்கு அடித்தளம் அமைந்ததா என்று ஆயரும் (பிஷப்) இறையியல் குருமடமும் பார்க்கிறார்கள். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், இங்கிருந்து துறவு சபைகள் அனுப்பும் மாணவர்களும் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் தவறு, பட்டத்தை யார் தருகிறார்கள் என்று கேட்காமலே சேர்வது. லூசியானாவில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் புனித யோசேப்பு குருமடக் கல்லூரியும், மிசூரியில் அதே சபையினர் நடத்தும் கன்செப்ஷன் குருமடக் கல்லூரியும் தாமே பட்டம் வழங்குகின்றன. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரிலுள்ள புனித யோவான் வியான்னி குருமடத்தில் நிலைமை வேறு: அங்கே தங்கி உருவாக்கம் (குருத்துவப் பயிற்சி) பெறும் மாணவர்கள் படிப்பதும் பட்டம் பெறுவதும் புனித தாமஸ் பல்கலைக்கழகத்தில். இண்டியானாபொலிஸின் ப்ரூட்டே குருமடத்துக்கும் மேரியன் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருப்பதும் இதே உறவுதான். இரண்டாவது வகையில் பட்டத்தின் நிபந்தனைகள் பல்கலைக்கழகத்தின் கையேட்டில் இருக்குமே தவிர, குருமட ஒழுங்குமுறை நூலில் இராது. பெரும்பாலான இடங்களில், மாணவர் சேர்ந்த ஆண்டின் கையேடே அவரைக் கட்டுப்படுத்தும். இடையில் ஓராண்டு விலகியிருந்து திரும்புபவருக்குப் புதிய கையேடு பொருந்தக்கூடும் என்பதால், சேர்ந்த ஆண்டின் கையேட்டை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அளவு அலகுகளின் கணக்கு. அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட்கள் வேண்டும்; வழக்கமான பாடம் ஒன்றுக்கு 3 கிரெடிட். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் அவர் முழுநேர மாணவர். விசா அதற்கு மேல் கேட்பதில்லை. விசா விதியையே பட்ட விதியாக எடுத்துக்கொண்டு செமஸ்டருக்கு நான்கு பாடங்களோடு நிறுத்திக்கொள்பவர், எட்டு செமஸ்டர் முடிவில் 96 கிரெடிட்டோடு நிற்பார். மீதி 24 கிரெடிட் என்பது எட்டுப் பாடம். அதே வேகத்தில் போனால் இன்னும் ஓராண்டு. நான்காண்டில் முடிக்கச் சராசரியாக செமஸ்டருக்கு 15 வேண்டும். முதல் செமஸ்டரில், மொழியும் ஊரும் பழகும்வரை, 12 எடுப்பதில் தவறில்லை. ஆனால் விட்ட அந்த ஒரு பாடத்தை எந்தக் கோடையில், எங்கே படிப்பது என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். இணையவழிப் பாடங்களால் ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்கள், ஒரு செமஸ்டரின் முழுநேரக் கணக்கில் ஒரே ஒரு இணையப் பாடத்தை (அல்லது 3 கிரெடிட்டை) மட்டுமே எஃப்-1 விதி சேர்த்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

120 சேர்ந்துவிட்டாலும் எவை சேர்ந்தன என்பது தனிக் கேள்வி. திருச்சபைச் சட்டத்தின் 250-ஆம் விதி, குருத்துவப் படிப்பு குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் நிறைய வேண்டும் என்றும், அவற்றில் மெய்யியலுக்கு இரண்டு முழு ஆண்டுகளும் இறையியலுக்கு நான்கு முழு ஆண்டுகளும் வேண்டும் என்றும் சொல்கிறது. இதை நடைமுறைப்படுத்தும் அமெரிக்க ஆயர் பேரவையின் குருத்துவ உருவாக்கத் திட்டம், மெய்யியலில் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட்டும், இளங்கலை நிலை இறையியலில் 12 கிரெடிட்டும் கேட்கிறது. அந்த முப்பதையும் விருப்பம்போல் நிரப்பிவிட முடியாது. பண்டைக் காலம், இடைக்காலம், நவீன காலம், சமகாலம் எனப் போகும் மெய்யியல் வரலாறு வேண்டும்; அதோடு தருக்கவியல், அறிவாய்வியல், இயற்கை மெய்யியல், மனிதனைப் பற்றிய மெய்யியல், மீவியற்பியல் (மெட்டாபிசிக்ஸ்), இயற்கை இறையியல், அறவியல் ஆகியவையும் வேண்டும். சமகாலச் சிந்தனையாளர்கள் மீது ஆர்வம் கொண்ட மாணவர் அந்த வரிசையிலேயே நான்கு விருப்பப் பாடங்களை எடுத்துத் தலைப்பு மெய்யியல் என்று காட்டினால், பட்டம் கிடைத்தாலும் கிடைக்கலாம். இறையியல் குருமடத்தின் மேசையில் அந்தப் பட்டியல் நிற்காது.

சிறிய கல்லூரிகளில் இதற்குள்ளேயே இன்னொரு சிக்கல் உண்டு. பேராசிரியர்கள் குறைவு என்பதால் சில பாடங்கள் ஆண்டு விட்டு ஆண்டே நடக்கும். ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு வசந்த செமஸ்டரில் மீவியற்பியல் நடக்கிறது. அதற்கு முன்பாடமாகப் பண்டைக்கால மெய்யியல் தேவை. அவர் அந்த முன்பாடத்தை முதல் ஆண்டில் தள்ளிப்போட்டிருந்ததால் மீவியற்பியலில் சேர முடியவில்லை. அது மீண்டும் வருவது நான்காம் ஆண்டு வசந்தத்தில். அந்த நேரத்தில் கட்டாய ஆய்வரங்கம் ஒன்றும் அதே மணியில் அமைந்துவிட்டால், கையில் 126 கிரெடிட் இருந்தும் பட்டமளிப்பு விழாவில் அவர் பெயர் இராது. பாடத்திட்டத்தைப் படிப்பவர்கள் பலர். எந்தப் பாடம் எந்த ஆண்டில் வருகிறது என்ற சுழற்சி அட்டவணையைக் கேட்டு வாங்குபவர்கள் சிலரே. என் கருத்தில், முதல் ஆண்டு மாணவர் கேட்க வேண்டிய முதல் தாள் அதுதான்.

வேறு கல்லூரியில் படித்த பாடங்களை மாற்றிக்கொண்டு வருபவர்கள் எல்லாமே கணக்கில் சேரும் என்று நம்புவது வழக்கம். அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆணையம், பட்டத்துக்குரிய கிரெடிட்டில் குறைந்தது 25 விழுக்காட்டைப் பட்டம் தரும் நிறுவனமே கற்பித்திருக்க வேண்டும் என்கிறது. 120-இல் அது 30. கல்லூரிகள் இதற்கு மேலும் கேட்கலாம். விலக்கையும் கிரெடிட்டையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு வழுக்கல். தகுதித் தேர்வு எழுதி ஸ்பானிய மொழியின் முதல் நிலையிலிருந்து ஒருவர் விலக்குப் பெற்றால், அந்தப் பாடத்தை அவர் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் பொருள். பல இடங்களில் அதன் 3 கிரெடிட் அவர் கணக்கில் ஏறாது, அந்த இடத்தை வேறு பாடத்தால் நிரப்ப வேண்டும். தமிழ் தெரியும் என்பதைக் காட்டி அயல்மொழி நிபந்தனையிலிருந்து விடுபடச் சில கல்லூரிகளில் வழி இருக்கலாம். ஆனால் இலத்தீன் அந்தக் கணக்கில் வராது. குருமாணவர்கள் இலத்தீனை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 249-ஆம் விதி. அங்குள்ள பங்குத் திருச்சபைகளில் ஸ்பானியம் பேசுவோர் பலர் என்பதால் ஸ்பானியமும் கிட்டத்தட்ட தவிர்க்க முடியாதது.

நம் கல்லூரிகளிலிருந்து போகிறவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடிப்பது மதிப்பெண் முறை. இங்கே அரியர் வைத்தாலும் பிறகு எழுதித் தேறிவிட்டால் கதை முடிந்தது. அங்கே ‘டி’ வாங்கினாலும் தேர்ச்சிதான், கிரெடிட்டும் உண்டு. ஆனால் முதன்மைப் பாடத்தில் ‘சி’க்குக் குறைந்ததைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. ஒட்டுமொத்தச் சராசரியும் பொதுவாக 2.0-க்குக் குறையக் கூடாது. ‘டி’ வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் கிரெடிட் இரண்டாம் முறை ஏறாது. கூட்டிப் பார்க்கும்போது 3 கிரெடிட் எங்கே போயிற்று என்று கடைசி ஆண்டில் திகைக்கும் மாணவர், பெரும்பாலும் அதை இருமுறை எண்ணியவராக இருப்பார்.

ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் மீண்டும் இளங்கலையில் சேர வேண்டியதில்லை. அவருக்காக இரண்டாண்டு மெய்யியல் முன்தயாரிப்புத் திட்டம் இருக்கிறது. தம் இந்தியப் பட்டம் அமெரிக்க இளங்கலைக்கு நிகராக ஏற்கப்படுமா என்பதை மட்டும், விண்ணப்பிக்கும் முன்பே, மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். எஸ்.டி.பி. எனப்படும் இறையியல் இளையர் பட்டத்தையும் பெயரை வைத்து இளங்கலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அதிகாரத்தில் வழங்கப்படும் திருச்சபைப் பட்டம். இரண்டாண்டு மெய்யியலுக்குப் பிறகு மூன்றாண்டு இறையியல் படித்துப் பெறுவது. அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் முடித்தவர்களே அதற்குப் போகிறார்கள். மெய்யியலிலும் இப்படித்தான். 2011-இல் வெளிவந்த திருப்பீட ஆணை, திருச்சபை மெய்யியல் புலங்களின் முதல் பட்டத்தை மூன்றாண்டாக்கியது. மெய்யியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அமெரிக்க பி.ஏ. தானாகவே அந்தப் பட்டமாகிவிடாது. பின்னாளில் உரோமையில் உயர்படிப்புக்குப் போகும் எண்ணம் சபைக்கு இருந்தால் இந்த வேறுபாடு முன்னுக்கு வரும்.

வகுப்பறைக்கு வெளியிலுள்ளவற்றை இலேசாக எண்ணுவதும் உண்டு. 2016-இல் வெளிவந்த குருத்துவ உருவாக்க அடிப்படை விதித்தொகுப்பு, ஓராண்டுக்குக் குறையாமலும் இரண்டாண்டுக்கு மேற்படாமலும் ஒரு புகுமுகக் கட்டம் வேண்டும் என்கிறது. செபமும் தன்னறிதலும் முதன்மையான அந்தக் காலத்தைப் பட்டப் படிப்பின் முதல் ஆண்டாகக் கணக்கிட்டு வீட்டாரிடம் முடிவுத் தேதி சொல்லிவிடுவது அவசரம். மேய்ப்புப்பணிப் பயிற்சி சில இடங்களில் கிரெடிட் இல்லாத கட்டாயம். மதிப்பெண் பட்டியலில் அதற்கு எண் இராது, ஆண்டு மதிப்பீட்டில் மட்டும் இடம் இருக்கும். கல்வி ஆலோசகரிடம் கேட்க வேண்டியதை ஆன்மகுருவிடம் கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. பாவம், கிரெடிட் கணக்கு அந்த ஆன்மகுருவின் பொறுப்பன்று.

செலவு பற்றிய பேச்சைக் கூச்சத்தால் தள்ளிப்போடக் கூடாது. கல்விக் கட்டணத்தை மறைமாவட்டமோ சபையோ ஏற்கும்போது, மாணவர் இடையில் விலகினால் எந்தப் பகுதி நன்கொடை, எந்தப் பகுதி கடன் என்பது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். விலகுபவருக்கு அதுவரை பெற்ற கிரெடிட் செல்லும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் கிரெடிட் என்பதால் வேறு கல்லூரிக்கு மாற்றக் கேட்கலாம். எனினும் பாக்கி தீராதவரை மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி நிறுத்திவைக்குமா என்பதையும், பாக்கி யார் பெயரில் எழுதப்படும் என்பதையும் சேரும்போதே அழைத்தல் பணி இயக்குநரிடம் (குருமாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பாளரிடம்) எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.