கான்செர்டினா வீக்எண்டுக்கு முதல் தடவை போறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

கான்செர்டினான்னா ரெண்டு கைலயும் பிடிச்சு துருத்தியை இழுத்து தள்ளி, பட்டனை அமுக்கி வாசிக்கிற சின்ன பெட்டி. இங்கிலாந்துல அதை வாசிக்கிறவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு இடத்துல கூடி ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு கலையற கூட்டம்லாம் நடக்கும், சாமர்செட்ல ஹால்ஸ்வே மேனர் மாதிரி பழைய மாளிகைல தங்கிக்கிட்டு, பகல்ல வொர்க்‌ஷாப், ராத்திரி வட்டமா உக்காந்து எல்லாரும் சேர்ந்து வாசிப்பு. நான் சில வருஷமா போயிட்டு இருக்கேன். புதுசா வர்றவங்க ஆசை ஆசையா வந்து சின்ன விஷயத்துல மாட்டி ரெண்டு நாளும் ஓரமா உக்காந்துட்டு போறதை பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

பெரிய தப்பு, பெட்டியோட சுதியை பாக்காம எடுத்துட்டு போறது. இது எனக்கே நடந்தது. ஒருத்தர்கிட்ட பழைய 48 பட்டன் பெட்டி வாங்கினேன், வீட்ல தனியா வாசிச்சப்ப தேன் மாதிரி இருந்துச்சு, அங்க போய் முதல் பாட்டுல ரெண்டாவது வரி கூட தாண்டல, ரெண்டு பக்கமும் இருந்தவங்க வாசிக்கிறதை நிறுத்திட்டு என் கையை பாக்கறாங்க. அந்தக் காலத்து பெட்டிகள் பலது ஏ சுரம் 452 ஹெர்ட்ஸ் கிட்ட வர்ற மாதிரி செஞ்சது, இன்னைக்கு எல்லாரும் வாசிக்கிறது 440 ஹெர்ட்ஸ், அதாவது கிட்டத்தட்ட அரைக்கட்டைல பாதி ஏறி நிக்கும், எந்த பட்டனை மாத்தி அமுக்கினாலும் சேராது. ஃபோன்ல ட்யூனர் ஆப் போட்டு ஒரு நிமிஷம் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். மாத்தறதுன்னா 48 பட்டனுக்கு 96 ரீடு (காத்துல அதிர்ந்து சத்தம் குடுக்கற சின்ன உலோக நாக்கு), இழுக்க ஒண்ணு தள்ள ஒண்ணு, ஒவ்வொண்ணையும் சுரண்டி சுரண்டி இறக்கணும், நுனில சுரண்டினா சுதி ஏறும், அடில சுரண்டினா இறங்கும். தெரிஞ்சவங்க கைலதான் குடுக்கணும், கூட்டத்துக்கு முந்தின வாரம் ஓடிப்போய் கேட்டா நடக்காது.

அடுத்தது வகை தெரியாம வொர்க்‌ஷாப்புக்கு பேர் குடுக்கறது. வெளில பாத்தா எல்லாம் ஒரே மாதிரி ஆறுபட்டை பெட்டிதான். ஆனா இங்கிலீஷ் வகைல இழுத்தாலும் தள்ளினாலும் ஒரு பட்டனுக்கு ஒரே சுரம், ஆங்கிலோல மவுத் ஆர்கன் மாதிரி இழுத்தா ஒண்ணு தள்ளினா வேற ஒண்ணு, டூயட்ல கீழ் சுரமெல்லாம் இடது கைல மேல் சுரமெல்லாம் வலது கைல. ஆங்கிலோ வகுப்புல "இந்த எடத்துல தள்ளுங்க"ன்னு சொன்னா இங்கிலீஷ் வச்சிருக்கறவருக்கு அதுல ஒண்ணுமே இல்ல. ஆங்கிலோலயும் ஒரு வரிசை சி, ஒரு வரிசை ஜின்னு இருக்கற சி-ஜி 20 பட்டன் மட்டும் இருந்தா சி ஷார்ப் கிடையாது, ராத்திரி வட்டத்துல பாதிக்கு மேல டி மேஜர்லதான் ஓடும், அதுக்கு சி ஷார்ப் வேணும், அங்கங்க முழுங்கித்தான் வாசிக்கணும். 30 பட்டன்னா கவலை இல்ல.

வட்டத்துல உக்காந்தா தெரிஞ்ச பாட்டை மட்டும் வாசிங்க, தெரியாததுக்கு காதை குடுங்க, ஒரு பாட்டு மூணு தடவை சுத்தி வரும், மூணாவது சுத்துல முதல் பாதி தானா பிடிபட்டுரும். ரெண்டு பாட்டுக்கு நடுவுல சும்மா பட்டனை தட்டிக்கிட்டே இருக்கறது வேண்டாம், அடுத்தவர் சுதி யோசிச்சு ஆரம்பிக்கற நேரம் அது. நீங்க ஆரம்பிக்கற முறை வந்தா வீட்ல வாசிக்கிற வேகத்துக்கு கொஞ்சம் கீழயே பிடிங்க.

பெட்டியை கார்ல விட்டுட்டு தூங்க போகாதீங்க, குளிர்ல வெயில்ல மரம் சுருங்கி விரிஞ்சு ரீடு தளரும் இல்ல இறுகும். திடீர்னு ஒரு சுரம் கரகரன்னா உள்ள தூசு மாட்டியிருக்கும், அவ்ளோதான், ஆனா அந்த பதட்டத்துல யார்கிட்டயாவது ஸ்க்ரூட்ரைவர் வாங்கி ஹால்லயே கழட்டக்கூடாது. பக்கத்துக்கு ஆறு ஸ்க்ரூ, நூறு வருஷமா அதது அதோட ஓட்டைல பழகினது, மாத்தி போட்டா சரியா பிடிக்காது. கூட்டத்துல ரிப்பேர் தெரிஞ்சவர் யாராவது ஒருத்தராவது இருப்பார், அவர் ஸ்க்ரூவை வரிசையா ஒரு அட்டைல குத்தி வச்சு, மெல்லிசு பேப்பரை ரீடுக்கு அடில விட்டு இழுப்பார், ரெண்டு நிமிஷ வேலை.

கடைசியா, அடுத்தவங்க பெட்டியை கேக்காம எடுக்காதீங்க. குடுத்தாங்கன்னா ரெண்டு கையாலயும் வாங்கி, ஒரு பட்டனாவது அமுக்கிக்கிட்டுதான் துருத்தியை இழுக்கணும், காத்து போக வழியில்லாம இழுத்தா மடிப்பு ஓரத்துல தோல் விட்டுரும். திருப்பி குடுக்கறப்பவும் அதே மாதிரி, ஆங்கிலோன்னா வலது கட்டை விரல் கிட்ட காத்து பட்டன் இருக்கும், அதை அமுக்கி மெதுவா முழுசா மூடி குடுங்க.