குவாரிக் குழியை அளந்து கனிமக் கடத்தலைக் கண்டுபிடிப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையான களியக்காவிளையில் ராத்திரி நின்று டாரஸ் லாரிகளை எண்ணுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கனிமத்தை ஏற்றிச் செல்ல அரசு தரும் உரிய நடைச்சீட்டோடு கல் கேரளாவுக்குப் போவது குற்றமில்லை. சீட்டே இல்லாமல் போவதும், சீட்டில் எழுதியதைவிடக் கூடுதலாகப் போவதும், ஒரே சீட்டில் பல நடை அடிப்பதும்தான் குற்றம். இவற்றைச் சாலையில் நின்று பார்க்க முடியாது, கணக்கில்தான் பிடிபடும். அனுமதித்த அளவு, சீட்டில் காட்டிய அளவு, குழியில் குறைந்த அளவு என்ற மூன்றையும் ஒரே காலத்துக்கு எடுத்து ஒப்பிட வேண்டும்.

அனுமதித்த அளவு சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடினால் சர்வே எண், குவாரி மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகை, வெட்டலாம் என்ற அளவு எல்லாம் கிடைக்கும். உட்பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். விட்டால் பக்கத்துக் குவாரியின் குழியை அளந்துவிட்டு வருவீர்கள்.

சீட்டுக் கணக்குக்கு, மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் பதில் வராது. மாதவாரியாக வழங்கிய நடைச்சீட்டுகளின் வரிசை எண், அளவு, கட்டிய சீனியரேஜ் (கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் கட்டணம்) தொகை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 'விசாரணையில் இருக்கிறது' என்று அந்தச் சட்டத்தின் 8(1)(h) பிரிவைக் காட்டி மறுத்தால், தகவல் தருவது விசாரணைக்கு எப்படித் தடை என்று விளக்கச் சொல்லி எழுதுங்கள். வெறுமனே பிரிவு எண்ணைச் சொன்னால் போதாது.

மூன்றாவதான குழிக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களுக்குப் போய், குத்தகை தொடங்கும் முன்பும் இப்போதும் குழியின் எல்லையை வரைந்து பரப்பை எடுங்கள். ஆழத்தை மட்டும் அதில் படிக்காதீர்கள். அங்குள்ள உயரக் கணக்கு பழையது, புதிதாக வெட்டிய பள்ளம் அதில் தெரியாது. பாறையைப் படிக்கட்டு போல வெட்டியிருப்பார்கள்; பொதுவழியிலிருந்து தெரியும் அந்தப் படிகளை எண்ணி, சுரங்கத் திட்டத்தில் எழுதிய படி உயரத்தால் பெருக்குங்கள்.

120 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், சராசரி 15 மீட்டர் ஆழம் என்றால் 1,44,000 கன மீட்டர். நம்மூர்ப் பாறைக்குக் கன மீட்டருக்கு 2.6 டன் போட்டால் 3,74,400 டன். மேல்மண்ணைக் கழிக்க மறக்காதீர்கள்.

லாரிக்காரர்கள் சொல்லும் யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆனால் அது உடைத்த கல். உடைத்தால் பாறை ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பும். ஒரு யூனிட் 4 முதல் 4½ டன்தான் இருக்கும். குழியின் கன மீட்டரையும் லாரியின் கன மீட்டரையும் நேராக ஒப்பிட்டால் இல்லாத கடத்தலை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள், இருப்பதையும் மறைத்துவிடுவீர்கள். எல்லாவற்றையும் டன்னுக்கு மாற்றுங்கள்.

பத்து இருபது சதவீத வித்தியாசம் அளவைப் பிழையாகவே இருக்கலாம். குழிக் கணக்கு சீட்டுக் கணக்கைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பணத்தின் பக்கம் போகலாம். குத்தகைதாரர், கிரஷர், வாங்குபவர் ஆகியோரின் ஜிஎஸ்டி எண்ணையும் கம்பெனிப் பதிவையும் தேடி, ஒரே முகவரியோ ஒரே இயக்குநரோ திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பெயர் ஒத்துப்போவது மட்டும் சான்றல்ல. இந்த மாவட்டத்தில் ஒரே பெயரும் ஒரே இன்ஷியலும் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும்.

குழிக்குள் இறங்காதீர்கள், லாரியைப் பின்தொடராதீர்கள். வெளியிடும் முன் குத்தகைதாரரிடம் கணக்கை எழுத்தில் அனுப்பி விளக்கம் கேளுங்கள். வேறொரு சர்வே எண்ணுக்கும் அவருக்கு அனுமதி இருந்தது என்ற பதில் சில சமயம் வரும். அப்போது அனுமதித்த அளவிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.