உலை வைக்கும் முன் ஒரு பிடி

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. சமையலுக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். சேர்ந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். மிசோரம் சபைகளிலும் பெண்கள் 1910 முதல் இதைச் செய்து வருகிறார்கள்.

இதை உங்கள் அடுப்படியிலும் தொடங்கலாம். மூடியுள்ள ஒரு டப்பா போதும், அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதல்ல இது. அளந்த அரிசியிலேயே ஒரு பிடி குறைத்துவிட்டு, இருப்பது போதும் என்று உலை வைக்கிறோம். வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையும் (1 இராஜாக்கள் 17) கடைசிப் பிடி மாவில் முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குத்தானே செய்தாள்! மாதக் கடைசியில் அரிசி அடிமட்டத்துக்கு வந்தாலும் நிறுத்தாதீர்கள், சின்னப் பிடியாகப் போடுங்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்களின் பிடிதான் உண்மையான ஜெபம்.

அதற்காக நாளைக்கு எதுவும் எடுத்துவைக்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு மிச்சம் வைத்தபோது புழு பிடித்தது சரி, ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னவரும் கர்த்தர்தான்.

அப்புறம், டப்பாவில் ஒரு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள், வண்டு அண்டாது. பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.