களைத்துப்போன மருத்துவருக்குக் கைகொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர்களின் நலனில் அக்கறை கொள்வோர் முன்பைவிட இப்போது அதிகம். மருத்துவமனை நிர்வாகிகள், துறைத் தலைவர்கள், உடன் பணியாற்றுவோர், வீட்டார் எனப் பலரும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறார்கள். ஆனால் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் முயற்சிகளில் பல, மருத்துவரின் தோளில் இன்னொரு சுமையாகவே போய் இறங்குகின்றன. வேலை அமைந்திருக்கும் விதத்தில் உள்ள கோளாறை, வேலை செய்பவரின் மனவுறுதியில் உள்ள குறையாக எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

பிழை பெயரிடுவதிலேயே தொடங்குகிறது. ‘பர்ன் அவுட்’ என்பதைத் தமிழில் பலர் மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள். மனச்சோர்வு என்பது ‘டிப்ரஷன்’ என்னும் நோய்க்கு வழங்கிவரும் சொல். அதற்கென்று சிகிச்சை உண்டு. பர்ன் அவுட்டைப் பணிச்சோர்வு என்று சொல்வதே பொருந்தும். நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி பட்டியலின் 11ஆம் பதிப்பில், உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு இதை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் விளையும் நிலையாகவே விளக்கியது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் இழப்புதான். மனச்சோர்வைப் பணிச்சோர்வு என்று எண்ணினால், ஒரு வாரம் விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டு, உடனே கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவோம். பணிச்சோர்வை மனச்சோர்வு என்று எண்ணினால், மருத்துவர் கையில் மாத்திரை இருக்கும், டியூட்டி பட்டியலோ பழையபடியே இருக்கும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு என்பதால், முடிவுகட்டும் பொறுப்பை மனநல மருத்துவரிடம் விடுவதே முறை.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981இல் வெளியிட்ட அளவுகோல் பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் உண்டு என்கிறது: உள்ளம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் காண முடியாமல் விலகிப்போதல், தன் வேலையால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம். முதலாவதை எல்லோரும் எளிதில் அடையாளம் காண்கிறார்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், சில மாதங்களில் “எட்டாம் படுக்கை, பித்தப்பை” என்று சொல்லிவிட்டு வாசற்படியிலிருந்தே திரும்பிவிடுகிறார். செவிலியரிடம் குரல் உயர்கிறது. ஒரு புகார் வருகிறது. துறைத் தலைவர் மெமோ கொடுக்கிறார். நடத்தைக்கு விளக்கம் கேட்பதில் பிழையில்லை. ஆனால் இப்படி இல்லாத மனிதர் ஏன் இப்படி ஆனார் என்று கேட்காமல் மெமோவோடு நிறுத்திக்கொள்வது, காய்ச்சலுக்கு அபராதம் விதிப்பதைப் போன்றது.

அடுத்த தவறு, கட்டாயப் பயிலரங்கு. மூச்சுப்பயிற்சியும் தியானமும் நல்லவைதான். பலருக்கு உதவியும் இருக்கின்றன. ஆனால் இரவுப் பணி முடித்தவரைப் பகலில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, மன உறுதியை வளர்ப்பது எப்படி என்று பாடம் எடுப்பது, அவருடைய தூக்கத்தைப் பறித்துக்கொண்டு அமைதியைப் பற்றிப் பேசுவதாகும். மருத்துவர்களின் பணிச்சோர்வைக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை ஒப்பிட்டு 2017இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, தனிநபரை மாற்ற முயன்ற திட்டங்களைவிடப் பணிநேரம், பணிமுறை போன்றவற்றை நிறுவனமே மாற்றிய திட்டங்கள் கூடுதல் பலன் தந்ததாகக் கண்டது. ஆகவே பயிலரங்குக்குச் செலவிடும் முன், அதே பணத்தில் ஒரு தட்டச்சு உதவியாளரையோ கூடுதலாக ஒரு இரவுப் பணி மருத்துவரையோ அமர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும்.

தட்டச்சு உதவியாளர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மருத்துவரின் நாளை அதிகம் தின்பது எது என்று வெளியில் இருப்பவரிடம் கேட்டால், நோயாளிகளின் கூட்டம் என்பார். 2016இல் அமெரிக்காவில் நான்கு துறைகளைச் சேர்ந்த 57 மருத்துவர்களின் வேலைநேரத்தை உடனிருந்து கவனித்த ஆய்வாளர்கள், நோயாளியோடு நேரில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கழிந்ததைக் கண்டார்கள். அதற்கு மேலும், பலர் ஒன்றிரண்டு மணி நேர வேலையை இரவு வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். இந்த வீட்டு வேலை எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, காலையில் பார்த்த 30 பேரில் யாருக்கு எந்த மருந்தை மாற்றினோம் என்று நினைவிலிருந்து மீட்டெடுத்துக்கொண்டிருப்பவரை அவருடைய குழந்தை மட்டுமே பார்க்கிறது. நிர்வாகம் பார்ப்பது மறுநாள் காலையில் முழுமையாக நிரப்பப்பட்டிருக்கும் பதிவைத்தான்.

இங்கே பலர் செய்யும் தவறு, புதிய படிவம் ஒன்றைச் சேர்க்கும்போது பழையது ஒன்றை நீக்க வேண்டும் என்று எண்ணாதிருப்பது. தணிக்கைக்காக ஒரு கட்டம், காப்பீட்டுக்காக ஒரு கட்டம், எப்போதோ நடந்த ஒரு பிழைக்காக ஒரு கட்டம் என்று சேர்ந்துகொண்டே போகின்றன, எதுவும் குறைவதில்லை. ஹவாய் பசிபிக் ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமம் 2017இல் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. கணினிப் பதிவில் தேவையற்றது, மோசமாக வடிவமைக்கப்பட்டது, அர்த்தமற்றது என்று படுவதையெல்லாம் சுட்டிக்காட்டும்படி தன் ஊழியர்கள் அனைவரையும் கேட்டது. மணிக்கொரு முறை நோயாளியைப் பார்த்ததாகச் செவிலியர்கள் சொடுக்க வேண்டியிருந்த ஒரே ஒரு பதிவை நீக்கியதில் மட்டும், அக்குழுமத்தின் நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 செவிலியர் மணிநேரம் மிச்சமானது. நலத்திட்டம் என்ற பெயரில் எதையும் தொடங்கும் முன்னால், இப்படி நீக்குவதற்கான பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

தூக்கத்தைப் பற்றிய தவறுகள் இன்னும் ஆபத்தானவை. “நாங்கள் படித்த காலத்தில் 36 மணி நேரம் நின்றோம்” என்று மூத்தவர்கள் சொல்வதில் அவர்கள் பட்ட பாடு இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்ட பாட்டையே பயிற்சி முறையாக அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது சரியன்று. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறனளவுக்குக் குறைகிறது என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பைவிட இது அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்களை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீண்ட பழைய பணிமுறையில் இருந்தவர்கள், குறுகிய பணிமுறையில் இருந்தவர்களைவிட 36 விழுக்காடு அதிகமான கடும் பிழைகளைச் செய்தார்கள். நீண்ட பணி முடித்து வீடு திரும்பும் வழியில் வாகன விபத்துக்குள்ளாகும் அபாயம் இரு மடங்குக்கு மேல் கூடுவதை அடுத்த ஆண்டு வந்த ஆய்வு உறுதிசெய்தது. இரவு முழுவதும் விழித்திருந்தவரைத் தானே வண்டி ஓட்டிச் செல்ல விடாமல், படுத்து எழ ஓர் அறையோ வீட்டுக்குச் செல்ல ஒரு வாகனமோ தருவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

பணி நேரத்தைக் குறைத்தால் போதும் என்று எண்ணுவதும் ஒரு தவறுதான். அமெரிக்கா 2003இல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று நாடு முழுமைக்கும் வரம்பு வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 48 மணி நேரம். வேலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைத்தால், அதே வேலையை மூச்சு முட்ட முடிக்க வேண்டிய நிலை வருகிறது. அல்லது கணக்கில் கையொப்பமிட்டுவிட்டு மருத்துவர் வார்டிலேயே தங்குகிறார். ஒருவர் பணி முடித்து அடுத்தவர் பொறுப்பேற்கும் தருணங்கள் அதிகமாவதால் நோயாளிகளை ஒப்படைப்பதிலும் கவனம் தேவை. வாசலில் நின்றபடி வாய்ச்சொல்லாக ஒப்படைக்காமல், யார் கவலைக்கிடம், எந்தப் பரிசோதனை முடிவு வரவேண்டியுள்ளது, நிலை மாறினால் என்ன செய்வது ஆகியவற்றை எழுத்தில் தந்து, கேட்டவர் திருப்பிச் சொல்லும் முறை இருந்தால்தான் வீடு சென்றவர் கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்க முடியும்.

சிகிச்சையில் ஒரு பிழையோ எதிர்பாராத மரணமோ நேர்ந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் இளம் மருத்துவர் முக்கால் மணி நேரம் மார்பை அழுத்தி முயன்ற பிறகு, மணியைப் பார்த்து மரண நேரத்தைச் சொல்கிறார். கையுறையைக் கழற்றிக் கை கழுவுகிறார். வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, அடுத்த நோயாளியின் கேஸ் ஷீட் மேசையில் இருக்கிறது. கை கழுவியதற்கும் அந்தத் தாளை எடுத்ததற்கும் இடையில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிப்பட்டவரை, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அடுத்தபடியாகக் காயப்படும் ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று 2000ஆம் ஆண்டில் மருத்துவர் ஆல்பர்ட் வூ குறிப்பிட்டார். அவரைப் பற்றி நடைவழியில் கிசுகிசுத்துவிட்டு அவரிடம் மட்டும் எதுவும் பேசாதிருப்பது பெருந்தவறு. “உன் மீது எந்தத் தவறும் இல்லை” என்று விவரம் கேட்காமலே சொல்லி முடித்துவிடுவதும் உதவாது. உண்மையிலேயே ஒரு தவறு நேர்ந்திருக்குமானால் அவருக்கே அது தெரியும், இனி அதைப் பேச ஆள் இல்லை என்றும் தெரிந்துவிடும். என்ன நடந்தது என்று அவர் சொல்லக் கேட்பது, அடுத்த சில மணி நேரப் பணியை வேறொருவர் ஏற்றுக்கொள்வது, ஆய்வுக் கூட்டம் எப்போது, அதில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது, ஒரு வாரம் கழித்து மறுபடி விசாரிப்பது ஆகியவையே கைகொடுக்கும். முதல் நாள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். எட்டாம் நாள்தான் அவர் தனியாக இருக்கிறார்.

உதவி தேடி வரும் மருத்துவரை அந்த உதவியே தண்டிக்கும்படி விதிகளை வைத்திருப்பது, சொல்லவே வருத்தம் தரும் தவறு. உரிமம் வழங்கும்போதும் பணியில் சேர்க்கும்போதும் “எப்போதாவது மனநல சிகிச்சை பெற்றதுண்டா?” என்று கேட்டால், சிகிச்சை தேவைப்படுபவர் அதை நாடாமலே இருந்துவிடுவார். அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018இல், கடந்தகால சிகிச்சையைக் கிளறாமல், இப்போது பணியைப் பாதுகாப்பாகச் செய்யவிடாத குறைபாடு ஏதேனும் உண்டா என்று மட்டும் கேட்கலாம் எனப் பரிந்துரைத்தது. நியூயார்க் அவசர சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020இல் மறைந்ததை அடுத்து, மருத்துவப் பணியாளர்கள் தயங்காமல் உதவி நாட வழிசெய்யும் சட்டம் அவர் பெயரிலேயே 2022இல் அங்கு நிறைவேறியது. இந்தத் தயக்கம்தான் மருத்துவர்களைத் தாங்களே தங்களுக்கு மருந்து எழுதிக்கொள்ளவும், நடைவழியில் சக மருத்துவரை நிறுத்தி ஆலோசனை கேட்கவும் தள்ளுகிறது. ஒவ்வொரு மருத்துவருக்கும் தன் நிறுவனத்துக்கு வெளியே, முறையாகப் பதிவுசெய்து பார்க்கும் ஒரு மருத்துவர் இருக்க வேண்டும். அதற்குப் போய்வரப் பணிநேரத்தில் இடமும் இருக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலோ, இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றினாலோ, நேரடியாகக் கேட்பதற்கு அஞ்சக் கூடாது. கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல் உடனடி உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவரைக் கடவுளுக்கு அடுத்தபடி வைத்துப் புகழ்வதும் நலம் செய்யாது. கடவுளுக்குப் பசியில்லை, தூக்கமில்லை. அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர் “இன்று என்னால் முடியவில்லை” என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. உலக மருத்துவச் சங்கம் 1948 முதல் வழங்கிவரும் ஜெனீவா உறுதிமொழியில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது, உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிப்பதற்காகத் தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறன்களையும் பேணிக்கொள்வேன் என்ற வரி சேர்க்கப்பட்டது. தன்னைப் பேணுவது இப்போது உறுதிமொழியின் ஒரு பகுதி.

கருத்துக்கணிப்பு நடத்திவிட்டு முடிவை வெளியிடாதிருப்பது, கணிப்பே நடத்தாமல் இருப்பதைவிட மோசமானது. ஐந்து பேர் மட்டுமே உள்ள துறையில் வயதையும் பாலினத்தையும் கேட்டுவிட்டுப் பெயர் வெளிவராது என்று சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எந்த வேலை நிறைவு தருகிறது என்று கேட்காமல் பொறுப்புகளைப் பிரிப்பதும் அடிக்கடி நடக்கிறது. கற்பித்தலோ ஆராய்ச்சியோ சிகிச்சையோ, தமக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றும் பணியில் வேலைநேரத்தின் 20 விழுக்காட்டையாவது செலவிட முடிந்த மருத்துவப் பேராசிரியர்களிடம் பணிச்சோர்வு கணிசமாகக் குறைவாக இருந்ததை 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. நோயாளிகளோடு இருப்பதில் மகிழ்பவருக்குப் பரிசாக நான்கு குழுக்களின் தலைமையைக் கொடுத்தால், அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக, விடுப்பு முடிந்து திரும்புபவரைப் பற்றி. அவர் வந்த வாரமே, இல்லாத நாட்களுக்கு ஈடாக இரவுப் பணிகளை அடுக்கிவைப்பது பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்குப் பகல் பணி, குறைந்த எண்ணிக்கையில் நோயாளிகள், சந்தேகம் கேட்க அருகில் ஒரு மூத்தவர் என்ற ஏற்பாட்டை அவர் திரும்புவதற்கு முன்பே பேசி முடித்து, துறையில் மற்றவர்களுக்கும் தெரிவித்துவிட வேண்டும். என்ன காரணத்துக்காக விடுப்பில் போனார் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.