அவசர மருத்துவப் பணியோடு எழுத்தையும் இசையையும் தொடர்வது எப்படி?

அவசர மருத்துவம் ஷிப்ட் முறையில் இயங்குவதும், நோயாளிகளை அடுத்த மருத்துவரிடம் ஒப்படைத்தபின் அழைப்புகள் பெரும்பாலும் தொடராததும் எழுத்துக்கும் இசைக்கும் இடம் தருகின்றன. டொரொண்டோவில் அவசர மருத்துவராகப் பணியாற்றியபடியே எழுதிய வின்சென்ட் லாம், 2006இல் கனடாவின் இலக்கியப் பரிசான கில்லர் பரிசைப் பெற்றார். ஆயினும் இந்தியாவில் மூன்றாண்டு எம்.டி. பயிற்சி முடியும்வரை குறிப்பெடுப்பதோடும், கைப்பழக்கம் விட்டுப்போகாத அளவுக்கு இசைக்கருவி வாசிப்பதோடும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாதப் பணிப்பட்டியல் வந்தவுடன், இரவுப் பணிக்கு மறுநாளை உறக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய ஓய்வு நாட்களில் எழுதும் நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

எழுத்தில் மிகுந்த கவனம் வேண்டியது நோயாளியின் அந்தரங்கம். பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரிதான காயம், விபத்து நடந்த சாலை, அன்றைய திருவிழா ஆகியவை சேர்ந்தாலே ஊரார் ஆளைக் கண்டுகொள்வார்கள். உண்மைச் சம்பவமாக எழுதுவதானால், சிகிச்சையெல்லாம் முடிந்தபின் நோயாளியிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். புனைவாக எழுதுவதானால் நிகழ்வைக் கைவிட்டு, அது உங்களுக்குள் எழுப்பிய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மனிதர்களைப் படையுங்கள். என் கருத்தில் இதுவே நல்ல இலக்கியத்துக்கும் வழி.

இசையில் சிக்கல் வேறு: ஒத்திகை உங்கள் பணிப்பட்டியலுக்குக் காத்திருக்காது. வாரந்தோறும் கூடும் குழுவைவிட, பெர்லினில் மருத்துவர் ஸ்டெஃபான் வில்லிச் நிறுவிய உலக மருத்துவர் இசைக்குழுவைப் போல, குறிப்பிட்ட கச்சேரிகளுக்காகச் சில நாட்கள் மட்டும் கூடும் அமைப்பே பொருந்தும். கச்சேரிக்கு முந்தைய இரவுப் பணியைச் சக மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வீட்டு விசேஷத்தன்று நீங்கள் பணி பார்க்க வேண்டியிருக்கும்.