விழுங்கச் சிரமப்படுபவருக்கு வீட்டில் ஊட்டுவது எப்படி?

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் நான்தான் ஊட்டுகிறேன். வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். ஆனால் தொடங்கும் முன் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். விழுங்கும் சிக்கலைப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். மும்பையில் நாயர் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. வாயால் கொடுக்கலாமா, எவ்வளவு கெட்டியாக என்று கேட்டு வாருங்கள்.

முதலில் உட்கார வைப்பது. கட்டில் இல்லையென்றால் பாயைச் சுவரோரம் போட்டு, முதுகுக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஊட்டவே வேண்டாம். நீங்களும் எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையைத் தூக்குவார்.

செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிப்பது நமக்கு ஊறிய பழக்கம். இவர்களுக்கு அது ஆகவே ஆகாது. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். அப்பா செம்பைக் கேட்டு அழுதார், நானும் அழுதேன். ஆனாலும் கொடுக்கவில்லை.

அடுத்து கெட்டித்தன்மை. தண்ணீர்தான் தொண்டையில் மிக வேகமாக ஓடும். கேழ்வரகுக் கூழைக் கட்டியில்லாமல் காய்ச்சி, கரண்டியைச் சாயுங்கள். நூலாக ஒழுகாமல், ஒட்டிக்கொள்ளாமல், மொத்தமாக வழுக்கி விழுந்தால் எங்களுக்குச் சொன்ன பதம் அது. சாம்பாரில் மிதக்கும் இட்லி வேண்டாம். நீரும் கட்டியும் சேர்ந்து வருவது இன்னும் கஷ்டம். இரண்டையும் சேர்த்து மசித்துவிடுங்கள். எச்சில் பட்ட கரண்டி கிண்ணத்துக்குள் போய்ப் போய் வந்தால் கூழ் நீர்த்துவிடும். அதனால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

அரை டீஸ்பூன் போதும். குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். நடுவில் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டாலோ, இருமினாலோ நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். சிலருக்கு இருமலே வராது, அதனால் குரலைக் கவனியுங்கள்.

முடிந்ததும் தளர்ந்த பக்கக் கன்னத்துக்குள் பாருங்கள், சோறு ஒதுங்கியிருக்கும். துணியால் துடைத்து, பல் துலக்கி, அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே வையுங்கள். வாயில் சேரும் கிருமி நெஞ்சுக்குள் போனால் நிமோனியா வரும்.

மாத்திரையை நீங்களாகப் பொடிக்காதீர்கள். சிலவற்றைப் பொடிக்கக் கூடாது, டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல், நெஞ்சில் களகளச் சத்தம், மூச்சு வாங்கல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. மூச்சே திணறினால் உடனே 108.