பழைய ஜெர்மன் ஹுஸார் அங்கியை வாங்குமுன்

ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் குதிரைப்படையில் ஹுஸார் எனப்பட்ட இலகுரகக் குதிரை வீரர்கள் 1853 முதல் அணிந்த, மார்பில் ஐந்து வரிசைக் கயிற்று அலங்காரம் கொண்ட 'அட்டிலா' என்னும் அங்கி விலைக்கு வந்தால், அதன் பளபளப்பில் மயங்காமல் முதலில் உள்துணியைப் பாருங்கள். படைக்கிடங்கிலிருந்து வழங்கப்பட்ட சிப்பாய் உடைகளில் ரெஜிமென்ட்டையும் (படைப்பிரிவையும்) ஆண்டையும் குறிக்கும் மை முத்திரைகள் பெரும்பாலும் இருக்கும்; அதிகாரிகளோ சொந்தச் செலவில் தைத்துக்கொண்டவர்கள் என்பதால், முத்திரை இல்லாத ஒரே காரணத்துக்காக அவர்களுடைய அங்கியைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நிறமும் சான்று சொல்லும். கறுப்புத் துணியில் வெள்ளைக் கயிறு இருந்தால் டான்சிக் நகரில் (இன்று போலந்தின் க்தான்ஸ்க்) இருந்த மெய்க்காவல் ஹுஸார்களையும், மஞ்சள் கயிறு இருந்தால் பிரவுன்ஷ்வைக் என்னும் ஜெர்மன் பகுதியின் 17ஆம் ஹுஸார் ரெஜிமென்ட்டையும் முதலில் எண்ணிப் பார்க்கலாம். கயிறு பிற்காலத்தில் மாற்றித் தைக்கப்பட்டதா என்பதைப் பழைய ஊசித் துளைகளே காட்டிக்கொடுக்கும்.

வாங்கிய பின் தண்ணீரில் நனைக்காமல், தொங்கவிடாமல், அமிலமற்ற தாள் இட்டுக் கிடத்தி வையுங்கள்.